ரெண்டு விரல்

1973 மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழு மாதம். வேட்பாளர் மாயத்தேவர். புதுக் கட்சிக்கென்று தனிச் சின்னம் கிடையாது. இருக்கிற பட்டியலில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பொறுக்கினார்கள். ஒருநாள் காலையில் எங்கள் தெருமுனைச் சுவரில் பச்சைச் சாயத்தில் இரண்டு இலை முளைத்திருந்தது.

அது என்ன இலை என்பதில்தான் தெருவுக்குள் சண்டை. வெற்றிலைதான் என்றாள் அப்பத்தா. நல்ல காரியத்துக்கு ரெண்டு ரெண்டாகத்தானே வைப்போம், ஒற்றையாக யாராவது வைப்பார்களா என்பது அவள் வாதம். புகையிலை மண்டியில் கணக்கெழுதிய எங்கள் மாமா, நம்ம ஊர்ச் சரக்கைத்தான் போட்டிருக்கான் என்று பெருமைப்பட்டார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும், அது எந்த மரத்து இலையும் இல்லை, டில்லியில் ஒரு குமாஸ்தா பென்சிலால் போட்ட இலை என்றார். அவர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கமாக இருந்திருக்கும். ஆனால் ஓட்டை வாங்கியது வெற்றிலையும் புகையிலையும்தான். மாயத்தேவர் ஜெயித்தார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போனது.

இந்தக் கதை ஊரறிந்தது. ஊரறியாதது, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது எங்கள் ஆறாம் வகுப்பில் நடந்தது.

வகுப்பில் ஒரு விரல் காட்டினால் ஒண்ணுக்கு, ரெண்டு விரல் காட்டினால் ரெண்டுக்கு. தமிழ்நாட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வாத்தியார் பழுத்த தி.மு.க. அண்ணாவைப் போலவே மூக்குப்பொடி போடுவார். தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசவில்லை என்று கேள்வி. அந்த நிலைமையில், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து ரெண்டு விரலை உயர்த்தினான்.

"கையை இறக்குடா."

"சார், அவசரம் சார்."

"எவன்டா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லிக் குடுக்கலை சார். தானா வருது சார்."

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. பையனும் சிரிக்கவில்லை, அவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. இனிமேல் எதற்காக இருந்தாலும் சுண்டு விரலைத்தான் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே சட்டம் வந்தது. இதில் உண்மையான நஷ்டம் வேறு சிலருக்கு. ஒரு விரலுக்கு இரண்டு நிமிஷம், ரெண்டு விரலுக்குப் பத்து நிமிஷம் என்பது வகுப்பில் எழுதப்படாத கணக்கு. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாமல், ரெண்டு விரலை மட்டும் நம்பி, புளியமரத்தடியில் கோலி விளையாடி வந்தவர்கள் உண்டு. உம்பர்த்தோ எக்கோ என்ற இத்தாலிக்காரர், பொய் சொல்லப் பயன்படும் எல்லாவற்றையும் பற்றிய படிப்புதான் குறியியல் என்று 1970களில் எழுதினார். எங்கள் மூன்றாவது பெஞ்சு அவருக்குச் சற்று முன்னாலேயே அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

எக்கோவை நான் படித்தது பணி ஓய்வு பெற்ற பிறகு. தங்கை மகள் விஸ்காம் படித்து முடித்து, சென்னைக்கு வேலைக்குப் போகும்போது புத்தகங்களை எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டுப் போனாள். பென்ஷன்காரனுக்குப் பரணும் நூலகம்தான். அதில்தான் சொசூர் அகப்பட்டார். ஜெனீவாவில் பாடம் நடத்தியவர், 1913இல் காலமானார், அவர் பெயரில் உலகம் படிக்கிற புத்தகத்தை அவர் எழுதவே இல்லை. மாணவர்கள் எடுத்திருந்த குறிப்புகளைத் திரட்டி 1916இல் மற்றவர்கள் வெளியிட்டார்கள். வாத்தியார் சொல்வதை ஒழுங்காக எழுதிக்கொள்ளும் மாணவர்கள் அந்த ஊரில் இருந்திருக்கிறார்கள்.

சொசூர் சொல்வது இவ்வளவுதான். ஒரு குறிக்கு இரண்டு பக்கம்: கண்ணுக்கோ காதுக்கோ படுகிற குறிப்பான் ஒன்று, மனசில் எழுகிற குறிப்பீடு ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பது இயற்கை இல்லை, ஊர் வழக்கம். இதைவிட முக்கியமாக, எந்தக் குறியும் தனியாக நின்று பொருள் தராது. பக்கத்தில் நிற்கும் மற்றக் குறிகளிலிருந்து வேறுபட்டு நிற்பதால்தான் அதற்கு மதிப்பு. ஜெனீவாவிலிருந்து பாரிஸ் போகும் இரவு 8.25 ரயிலை அவர் உதாரணம் காட்டுகிறார். நேற்றைய எஞ்சின் வேறு, பெட்டி வேறு, ஓட்டுநர் வேறு. ஆனாலும் அது அதே 8.25தான். அட்டவணையில் மற்ற ரயில்களுக்கு நடுவே அதற்கு ஓர் இடம் இருக்கிறதே, அதுதான் அந்த ரயில்.

எங்கள் வகுப்பில் ரெண்டு விரலுக்குப் பொருள் வந்தது ஒரு விரல் பக்கத்தில் நின்றதால். தெருவில் இரட்டை இலைக்குக் காட்டிய அதே ரெண்டு விரலுக்குப் பொருள் வந்தது, உதயசூரியனுக்கு விரித்த ஐந்து விரலுக்கு எதிரே நின்றதால். வாத்தியார் செய்ததெல்லாம், வகுப்புக்குள் ஓடிய ரயிலைத் தெரு அட்டவணையில் தேடியதுதான்.

1989 தேர்தலில் இதை இன்னொரு தரம் பார்த்தோம். எம்.ஜி.ஆர். மறைந்து, கட்சி இரண்டாகி, இரட்டை இலையை முடக்கி வைத்துவிட்டார்கள். ஜானகி அம்மாள் அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். எங்கள் ஊரில் புறா அணிக்காரர் ஒருவர் கூச்சமே இல்லாமல் பழையபடி ரெண்டு விரலைக் காட்டிக்கொண்டு போனார். கேட்டதற்கு, "இலையா இருந்தா என்ன, புறாவா இருந்தா என்ன, கணக்கு ரெண்டுதானே" என்றார். சேவல் அணிக்காரர்கள் விரலில் கொண்டை காட்டித் தவித்தார்கள். இரண்டு அணியும் தோற்று, பிறகு சேர்ந்து, இலை திரும்பி வந்தபோது விரல்கள்தான் நிம்மதி அடைந்திருக்கும். பிரசாரத்துக்கு உயிருள்ள பிராணிகளைத் தூக்கிவந்து வதைத்ததால், பிற்பாடு பறவை, விலங்குச் சின்னங்களைப் புதிதாகக் கொடுப்பதையே தேர்தல் ஆணையம் நிறுத்திவிட்டது. இப்போது சுயேச்சைகளுக்குக் கிடைப்பது லேப்டாப், சிசிடிவி கேமரா, பென் டிரைவ். யாரும் வதைப்படுவதில்லை, பார்த்தவுடன் யாருக்கும் எதுவும் தோன்றுவதுமில்லை.

சொசூருக்குப் பதினெட்டு வயது மூத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் பியர்ஸ். கடலோர அளவைத் துறையில் வேலை பார்த்து, கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் செத்துப்போனவர். அவர் குறிகளை மூன்றாகப் பிரித்தார்: பொருளைப் போலவே இருப்பதால் குறிப்பது ஒன்று, பொருளோடு நேரடித் தொடர்பு இருப்பதால் குறிப்பது ஒன்று, வெறும் வழக்கத்தால் குறிப்பது ஒன்று. இரண்டாவது வகைக்குப் புகையையும் நெருப்பையும் உதாரணம் சொல்வார்கள். மணிமேகலை படித்தவர்களுக்கு இது புதிதில்லை. மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு, அடுக்களையில் பார்க்கவில்லையா என்ற தர்க்கம் அங்கேயே வந்துவிடுகிறது. எனக்கோ, பியர்ஸின் மூன்று வகையும் தமிழ்நாட்டுத் தேர்தலில் ஒரே கையில் அடங்கிவிடுவதாகப் பட்டது.

ஐந்து விரலையும் விரித்துக் காட்டினால் உதயசூரியன். விரல்கள் கதிர்போல இருப்பதால் முதல் வகை. அதே கையை விரல்களைச் சேர்த்துக் காட்டினால் காங்கிரஸ்; கைக்குக் கையே சாட்சி. இரண்டு கட்சியும் கூட்டணி சேர்ந்த வருஷங்களில் தொண்டனுக்கு ஒரு கை போதும், விரலைச் சேர்ப்பதா விரிப்பதா என்பதுதான் தொகுதிப் பங்கீடு. இரண்டு விரல் மூன்றாவது வகை. இலைக்கும் விரலுக்கும் எண்ணிக்கையைத் தவிர ஒற்றுமை இல்லை, பழக்கிக்கொண்டோம், அவ்வளவே.

நடு வகைக்கு இருக்கிறது சுட்டு விரல் மை. 1962 பொதுத்தேர்தலிலிருந்து வைக்கிறார்கள். மைசூரில் செய்கிற மை. வெள்ளி நைட்ரேட் கலந்தது. தோலில் பட்டு வெளிச்சமும் பட்டால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும், நகம் வளர்ந்துதான் போக வேண்டும். அந்த மை எதையும் போல இல்லை, எந்த வழக்கமும் அதற்குத் தேவையில்லை. சாவடிக்குள் போனான் என்பதற்குத் தோலே சாட்சி. அந்தக் காலத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் சிலர் செய்கிற முதல் வேலை அதை அழிக்கப் பார்ப்பது. முன்னாலேயே விரலில் எண்ணெய் தடவிப் போனவர்கள், தீக்குச்சி மருந்தைத் தேய்த்தவர்கள், பப்பாளிப் பாலைப் பரிந்துரைத்தவர்கள் எல்லாரும் எங்கள் தெருவில் இருந்தார்கள். இன்றைக்கு ஓட்டுப் போட்டவன் முதலில் செய்வது விரலைப் படம் எடுத்துப் போடுவது. ஓர் ஓட்டுப் போட்டுவிட்டேன் என்பதை மறைக்க அன்று பாடுபட்டார்கள். ஓர் ஓட்டாவது போட்டேன் என்பதைக் காட்ட இன்று பாடுபடுகிறார்கள். மைசூர்க்காரர்கள் மையை மாற்றவில்லை.

குறி ஊறிப்போய்விட்டால் பொருளைக்கூட விட்டுவைக்காது. 2012இல் உத்தரப் பிரதேசத் தேர்தல் சமயத்தில், யானை ஒரு கட்சியின் சின்னம் என்பதால், பூங்காக்களில் நின்ற கல் யானைகளையெல்லாம் தேர்தல் ஆணையம் துணி போட்டு மூடச் சொன்னது. மறு வருஷம் சென்னையில் சிற்றுந்துகள் ஓடத் தொடங்கின. பக்கவாட்டில் வரைந்திருந்தது இரட்டை இலையா, வெறும் இலையா என்று நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 1973இல் அது வெற்றிலையா, புகையிலையா என்று பேசியவர்கள் நாங்கள். நாற்பது வருஷத்தில் எந்த இலையைப் பார்த்தாலும் கட்சியாகத் தெரியும் நிலைக்கு நாடு முன்னேறிவிட்டது.

சென்ற வைகாசியில் ஒரு கல்யாணத்தில் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டோம். பேத்தியும் அவள் தோழிகளும் கன்னத்துக்குப் பக்கத்தில் ரெண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரியப்பா மகன், கறுப்பு சிவப்புக் கரை வேட்டி, முகம் சுருங்கினார். சாப்பாட்டுப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் மெதுவாகக் கேட்டார்: "என்னப்பா, பிள்ளைகளையெல்லாம் அந்தப் பக்கம் விட்டுட்டியா?"

அந்தப் பிள்ளைகளுக்கு எம்.ஜி.ஆர். என்றால் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பெயர். அவர்கள் விரல் ஜப்பானில் புறப்பட்டு கொரியா வழியாக எங்கள் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கும் முன்னால் அது 1941இல் சர்ச்சிலின் வெற்றிக் குறி. உள்ளங்கை எதிராளியைப் பார்த்தால்தான் வெற்றி. புறங்கை பார்த்தால் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அசிங்கமான வசை. 1992இல் கான்பெராவில் காரில் போன அமெரிக்க அதிபர் மூத்த புஷ், கூடியிருந்தவர்களுக்கு அன்போடு புறங்கையைக் காட்டிக்கொண்டே போனார். இதையெல்லாம் பெரியப்பா மகனுக்குப் பந்தியில் விளக்க முடியாது; மோர் ஊற்றிவிடுவார்கள். "அது சும்மா ஸ்டைலுண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த படத்தில் பிள்ளைகள் கட்டை விரலையும் சுட்டு விரலையும் குறுக்கே வைத்து ஏதோ காட்டினார்கள். கொரியாவில் அது இதயமாம், அன்பாம். எங்கள் வரிசையிலிருந்து பார்த்தால், துட்டு கேட்பது போலத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

கட்டை விரல் விஷயத்தில் எனக்குத் தொழில் பாத்தியதை உண்டு. நான் வேலை பார்த்தது சார்பதிவாளர் அலுவலகத்தில். பத்திரம் பதிய வருபவர்களின் இடது பெருவிரலைப் பிடித்து, மைத் தகட்டில் ஒற்றி, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை காகிதத்தில் உருட்டி எடுப்பது பல வருஷம் என் வேலை. அழுத்தினால் அப்பிவிடும், விட்டுப் பிடித்தால் பதியாது. விரலை அவர்கள் தள்ளக் கூடாது, நாம்தான் உருட்ட வேண்டும். தானாக உருட்டுகிற விரல் எப்போதும் இழுவிவிடும். தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கும் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்தவர்களுக்கும் ரேகை தேய்ந்து, கறுப்பாக ஒரு முட்டைதான் விழும். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் ரேகை வைக்கத்தான் வேண்டும். ஒரு பேராசிரியர், "நான் எம்.ஏ.ங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ரேகை வைத்தால் கைநாட்டு என்று ஆகிவிடுமே என்கிற பயம். துடைக்கக் கொடுத்த பழந்துணியை வாங்காமல் சொந்தக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போனார். அந்தக் கறை துணியை விட்டுப் போயிருக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெருவிரல் ரேகை உண்மையில் மேலான குறி. கையெழுத்தை யாரும் யாரைப் போலவும் போடலாம், போட்டவனே என்னுடையதில்லை என்று சாதிக்கலாம். 1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரிக்கு இதே கவலை வந்தது. சாலைக்குச் சரளை தருவதாக ஒப்பந்தம் எழுதிய கோனாய் என்பவர் நாளைக்குக் கையெழுத்தை மறுத்துவிட்டால்? அவருடைய முழுக் கையிலும் மை தடவி ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிக்கச் சொன்னார். 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது பத்திரப் பதிவுக்கும் அதையே கொண்டுவந்தார். கூடவே பென்ஷன் வாங்குபவர்களுக்கும். ஏனென்றால் செத்தவர் பெயரில் உயிரோடு இருப்பவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புகை இருந்தால் நெருப்பு, ரேகை இருந்தால் ஆள். நம் ஊர்ப் படித்தவர்கள் பொய் சொல்ல வசதியான குறியைக் கௌரவம் என்றும், பொய் சொல்லத் தெரியாத குறியைக் கேவலம் என்றும் வகுத்து வைத்திருந்தார்கள்.

இன்றைக்கு அந்தக் கௌரவஸ்தர்களின் பேரப்பிள்ளைகள் காலையில் எழுந்ததிலிருந்து கட்டை விரலைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பிறந்த நாளுக்குக் கட்டை விரல், இட்லி படத்துக்குக் கட்டை விரல், காலமானார் செய்திக்குக்கூட ஒரு கட்டை விரல். பதிவேடு இல்லை, சாட்சி இல்லை, மை இல்லை.

இல்லை என்று நினைத்த ஒரு விவசாயி கனடாவில் மாட்டிக்கொண்டார். 2021 மார்ச்சில், 87 டன் ஆளி விதை வாங்க ஒரு தானியக் கம்பெனி ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னது. அவர் ஒரு கட்டை விரலைத் தட்டினார். நவம்பரில் சரக்கு போகவில்லை. அதற்குள் விலை ஏறியிருந்தது. "வந்து சேர்ந்தது என்று சொன்னேன், சம்மதம் என்று சொல்லவில்லை" என்பது விவசாயியின் கட்சி. சாஸ்காட்சுவான் நீதிமன்றம் பழைய செய்திகளைப் புரட்டியது. முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் "சரி", "ஆமா" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டு, ஒழுங்காகச் சரக்கும் அனுப்பியிருக்கிறார். அந்த வரிசையில் இந்த விரலும் ஒரு சரிதான் என்று 2023இல் தீர்ப்பாயிற்று. சுமார் 82,000 கனடா டாலர் தண்டம். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. தீர்ப்பு எழுதிய நீதிபதி சொசூரைப் படித்தாரா என்பது இருக்கட்டும். பக்கத்தில் எந்த ரயில் நிற்கிறது என்று பார்த்துத்தான் இந்த ரயிலை அடையாளம் கண்டிருக்கிறார்.

இதை வாசித்த அன்றே, பூர்விக வீட்டை விற்பது பற்றி நான் குழுவில் எழுதியதற்குத் தம்பி வைத்திருந்த கட்டை விரலைத் தேடிப் பிடித்து அவனுக்குப் போன் போட்டேன்.

"சம்மதம்னுதானே வச்சே?"

"படிச்சேன்னு வச்சேண்ணே. முழுசாப் படிக்கலை."

எனக்கே விரல் வைக்கிற நாள் நவம்பரில் வருகிறது. உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கொரு முறை நிரூபித்தால்தான் பென்ஷன். ஹெர்ஷல் துரையின் சந்தேகம் இன்னும் தீரவில்லை. போன தடவை போன இடத்தில் கண்ணாடிப் பெட்டி மேல் பெருவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. சுட்டு விரல், நடு விரல், அடுத்த கை. "ரேகை தேஞ்சு போச்சு சார். பட்டறை வேலையா பார்த்தீங்க?" என்றது கவுன்ட்டரில் இருந்த பெண். ஆயிரக்கணக்கான விரல்களை உருட்டியவன் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். கையெழுத்தெல்லாம் செல்லாது என்றாள், பேராசிரியரிடம் நான் சொன்ன அதே சுரத்தில்.

பிறகு போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "கண்ணைச் சிமிட்டுங்க சார். போட்டோவைக் காட்டி ஏமாத்திரக் கூடாதுல்ல."

பரணில் இருந்த இன்னொரு புத்தகம் நினைவுக்கு வந்தது. கிளிஃபர்ட் கீர்ட்ஸ் எழுதியது. எங்கள் இடைத்தேர்தல் நடந்த அதே 1973இல் வெளிவந்தது. இமை தானாகத் துடிப்பதும் ஒருவன் கண்ணடிப்பதும் கேமராவுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், வித்தியாசம் முழுக்க எதிரே நிற்பவருக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிறது என்று, கில்பர்ட் ரைலிடம் கடன் வாங்கி, அதில் விவரமாக எழுதியிருக்கிறார். எங்கள் தெருவில் அந்த வித்தியாசத்துக்காகச் செருப்பு பறந்திருக்கிறது. இந்த மெஷினுக்கு வேண்டியது துடிப்பு மட்டும். உள்ளர்த்தம் ஏதும் அதற்கு வேண்டாம்.

இடது கண்ணில் புரை எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மருந்து பிசுபிசுத்து இமை ஒட்டிக்கொண்டது. இருக்கிற கண்ணை மட்டும் பலமாக ஒரு சிமிட்டு சிமிட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். கவுன்ட்டர் பெண் போனுக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தாள்.

"ரெண்டு கண்ணையும் சார்."